நாலு மணி நேரம் ஏறி, பத்து நிமிஷம் இறங்குவதில் என்ன இருக்கிறது?

தொண்டியில் வளர்ந்து இப்போது கனடாவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் குளிர்காலம் வந்தால் சனி ஞாயிறு வீட்டில் தங்குவதில்லையாம். ஆளை மலைமேல் ஏற்றிவிட லிஃப்ட் ஓடும், பனியை மெஷின் விட்டுச் சமப்படுத்தி வைத்திருக்கும் இடங்களை விட்டுவிட்டு, ஆளில்லாத மலைப்பக்கம் போய் நாலு மணி நேரம் நடந்து ஏறி, பத்து நிமிஷத்தில் சறுக்கி இறங்கி வருகிறார்களாம். திங்கட்கிழமை அதைப் பேசும்போது பழநிக்குப் பாதயாத்திரை போய் வந்தவர்கள் மாதிரி முகம் இருக்கிறதாம். "அதில் அப்படி என்னதான் இருக்கிறது? உயிருக்கு ஆபத்து என்றும் சொல்கிறார்களே. கடற்கரையில் வளர்ந்த என் மாதிரி ஆளுக்கு அது ஒட்டுமா?" இதுதான் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒட்டும். மதுரைக்காரனுக்கும் கோயம்புத்தூர்க்காரனுக்கும் ஒட்டுவதை விடச் சீக்கிரம் உங்களுக்கு ஒட்டும். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நான் மண்டபத்துக்காரன். அப்பா வல்லம் என்கிற படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். சின்ன வயதில் எங்களுக்கு இருந்த ஒரே சறுக்கு விளையாட்டு, காய்ந்த பனைமட்டையை மணல்மேட்டின் உச்சிக்குத் தூக்கிப் போய், அதன் மேல் குந்தி உட்கார்ந்து கீழே வருவது. மட்டை பாதியில் நின்றுவிடும், அல்லது ஆளைக் குப்புறக் கவிழ்க்கும். வாயெல்லாம் மணல். திரும்பவும் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவோம். அப்புறம் பட்டாளத்தில் சேர்ந்தேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு பட்டாளத்து வீடாவது இருக்கும், அதனால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. 2003 குளிர்காலத்தில் காஷ்மீரில் குல்மார்க்கில் இருக்கும் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். 1948ல் ஒரு ஸ்கீ பள்ளியாக ஆரம்பித்த இடம் அது. (ஸ்கீ என்பது பனியில் சறுக்கக் காலுக்கு ஒன்றாக மாட்டிக்கொள்ளும் நீளப் பலகை.) அதுவரை நான் அறிந்த பனி, மார்கழி விடியலில் படகுப் பலகையில் ஈரமாகப் படிந்திருக்குமே, அது ஒன்றுதான். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே பெயர். "எங்க ஊர்ல நிறைய பனை இருக்கு, பனிதான் இல்ல" என்று பக்கத்துக் கட்டில் திருநெல்வேலிக்காரனிடம் அடித்த அசட்டு ஜோக் இன்னும் நினைவிருக்கிறது.

முதல் பத்து நாள் விழுந்துகொண்டே இருந்தேன். அதை விடுங்கள். பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, இரவெல்லாம் பனி கொட்டி விடிந்த ஒரு காலையில், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் வழக்கமான பாதையை விட்டு எங்களைப் பக்கத்துச் சரிவுக்குக் கூட்டிப் போனார். அங்கேதான் முதன்முதலாகப் பவுடரில் இறங்கினேன்.

பவுடர் என்றால் நமக்கு டப்பாவும் குழந்தையின் கழுத்தும்தான் ஞாபகம் வரும். மலையில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். புதிதாக விழுந்து, வெயிலும் காற்றும் மிதியடியும் படாத, உலர்ந்த பனி. கையில் அள்ளி உருண்டை பிடித்தால் பிடிபடாது, உதிரும். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ. ஒரு கன மீட்டர் நல்ல பவுடர் 50லிருந்து 100 கிலோவுக்குள்தான் இருக்கும். அதாவது பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று. மேகத்துக்குள் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி பக்கம் இருக்கும்போது வளரும் படிகங்கள் கிளை கிளையாக, பெரணி இலை மாதிரி விரியும். அவை ஒன்றன்மேல் ஒன்று விழும்போது கிளைகள் இடித்துக்கொண்டு நடுவில் காற்றை அடைத்து வைக்கின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் இந்த மாதிரிப் பனி கொட்டோ கொட்டென்று கொட்டும். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்ந்த காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு போய் மலையில் கொட்டுகிறது. ஐப்பசியில் வாடைக்காற்று வங்காள விரிகுடாவைக் குடித்துவிட்டு வந்து நம் தலையில் ஊற்றுகிறதே, அதே கணக்குதான். அங்கே அது உறைந்து விழுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். (முதன்முதலில் செயற்கையாக ஒரு பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டியதும் அதே ஹொக்கைடோவில்தான். 1936ல், உக்கிச்சிரோ நக்காயா என்ற இயற்பியலாளர்.) காஷ்மீருக்குப் பனி கொண்டு வருவது மேற்கே மத்தியதரைக்கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் காற்றழுத்தங்கள்.

சரி, அதில் சறுக்குவது எப்படி இருக்கும்? மெஷின் ஓட்டிச் சமப்படுத்திய சரிவு தார் ரோடு மாதிரி. ஸ்கீயின் ஓரத்தை வைத்து அழுத்தினால் அது எதிர்த்து நிற்கும், அந்த எதிர்ப்பில்தான் திரும்புவோம். பவுடரில் எதிர்ப்பது எதுவும் இல்லை. அழுத்தினால் உள்ளே போகும், அழுத்தம் விட்டால் மேலே வரும். வேகம் கூடக் கூட ஸ்கீ மேலெழும்பி வந்து மிதக்க ஆரம்பிக்கும். கீழே தரை இருக்கிறது என்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துபோகும். முழங்கால் வரை, சில நாள் இடுப்பு வரை பனி. ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பு அமிழ்ந்து எழும். எழும் அந்த அரை நொடியில் எடையே இல்லாத மாதிரி இருக்கும். பனித்தூள் எழும்பி முகத்தில் மோதி, ஒரு கணம் எல்லாமே வெள்ளையாகி, மறுபடி மலை தெரியும்.

கடலில் வளர்ந்தவனுக்கு இது புதிது இல்லை என்று அன்றைக்கே தோன்றியது. பெரிய அலை வரும்போது எதிர்த்து நின்றால் அடித்துக் கவிழ்க்கும், அதன் போக்கில் கொஞ்சம் உடம்பைக் கொடுத்தால் தூக்கி இறக்கிவிட்டுப் போகும் என்று நமக்கு நாலு வயதிலேயே தெரியும். தரை அசையாது என்று நம்பி வளர்ந்தவர்களுக்குத்தான் பவுடர் பயம். என் கூட இருந்த பஞ்சாப்காரர், சம பனியில் என்னை விடப் பல மடங்கு கெட்டிக்காரர், பவுடரில் காலடியில் பிடிமானம் தேடித் தேடியே விழுந்தார். நான் விழவில்லை. அன்று ஒரு நாள்தான் அந்த வகுப்பில் என்னை யாராவது திரும்பிப் பார்த்தது.

இந்தக் கடல் சம்பந்தம் என் கற்பனை மட்டும் இல்லை. இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்துப் பனியில் சறுக்கும் ஸ்னோபோர்ட் பிறந்ததே அலைச்சறுக்கு ஆசையில்தான். 1965ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீயைச் சேர்த்துக் கட்டி ஒரு பலகை செய்தார். ஸ்னோவையும் சர்ஃபையும் ஒட்டி அதற்கு 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வந்த ஜேக் பர்ட்டன் போன்றவர்கள் அதைத்தான் வளர்த்தெடுத்தார்கள். 1998ல் நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்ட் போட்டியாகவே வந்துவிட்டது. ஸ்கீயிலும் அப்படி ஒருவர் உண்டு. ஷேன் மெக்காங்கி. ஆழமான பவுடர் பனி மாதிரி நடந்துகொள்வதில்லை, தண்ணீர் மாதிரி நடந்துகொள்கிறது, பிறகு எதற்குப் பனிக்கட்டிக்குச் செய்த ஒல்லி ஸ்கீயை மாட்டிக்கொண்டு திணறுகிறோம் என்று யோசித்தவர். அலாஸ்காவில் தண்ணீரில் சறுக்கும் வாட்டர் ஸ்கீயையே பூட்ஸில் மாட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிக் காட்டினார். நடுவில் அகலமாக, இரண்டு முனையும் படகின் முன்முனையான அணியம் மாதிரி மேல் நோக்கி வளைந்த ஸ்கீ 2002ல் அவர் யோசனையில் கடைக்கு வந்தது. இன்று உங்கள் ஆபீஸ் நண்பர்கள் காரின் மேல் கட்டிக்கொண்டு போகும் அகல ஸ்கீ எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அடிப்பக்கம் வளைந்த பலகை அலையில் மூக்கைக் குத்தாது என்பது மண்டபத்தில் படகு கட்டும் எந்த ஆசாரிக்கும் தெரிந்த விஷயம். மலைக்காரர்களுக்குத் தெரிய 2002 ஆனது.

இவ்வளவும் சொன்னது அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தைத் தனியாகப் பிரித்து விலைக்கு விற்றால் யாரும் இப்படிப் பித்துப் பிடித்து அலைய மாட்டார்கள். அப்படி விற்கவும் செய்கிறார்கள், வாங்கியும் பார்த்துவிட்டேன். குல்மார்க் ஊர் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மலைப் பாதியில் இருக்கும் கோங்தூரி வரை, கம்பியில் தொங்கிப் போகும் கோண்டோலா 1998ல் வந்தது. நான் பயிற்சிக்குப் போனபோது அதற்கு மேல் நடைதான். 2005ல் இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையின் தோள் வரை, 4,000 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே வரை, போய்விட்டது. பனி கொட்டி ஓய்ந்த காலையில் அந்தக் கோண்டோலா வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் கிழிக்கும் நேரம் மாதிரி. மேலே போனதும் யார் முதலில் கோடு போடுவது என்று ஓட்டம். பதினொரு மணிக்குள் சரிவு முழுக்க உழுத வயல். நானும் அதில் நாலு ரவுண்டு போனேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மூன்றாவது ரவுண்டில் வரிசையில் முன்னால் நின்றவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நாலாவதில் இறங்கும்போதே அஞ்சாவதை நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அந்த நாளில் எதுவும் மிச்சமில்லை.

ஏறிப் போகிற நாள் அப்படி இல்லை.

ஏறுவதற்கு ஸ்கீயின் அடியில் ஒரு பட்டை ஒட்டுவார்கள். ஸ்கின் என்று பெயர். பழைய காலத்தில் சீல் என்ற கடல் விலங்கின் தோல், அதனால் அந்தப் பெயர். இப்போது நைலான் அல்லது அங்கோரா ஆட்டு ரோமம். பூனையை முன்னிருந்து பின்னாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் நிமிர்ந்து தடுக்கும் இல்லையா, அந்த மாதிரி. முன்னே தள்ளினால் சறுக்கும், பின்னே வழுக்காது. குதிகாலை மட்டும் அவிழ்த்துவிட்டு, காலைத் தூக்காமல் இழுத்து இழுத்துப் போக வேண்டும். ஸ்னோபோர்ட்காரர்கள் நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் பலகையை வைத்து இதே மாதிரி ஏறுவார்கள், உச்சியில் இரண்டையும் பூட்டி ஒன்றாக்கிக்கொள்வார்கள். மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறினால் நல்ல வேகம். வியர்க்கவே கூடாது. வியர்த்தால் நின்ற இடத்தில் அந்த ஈரம் உறைந்து ஆளைக் கொல்லும். அதனால் மூச்சு வாங்காத, பேசிக்கொண்டே போக முடிகிற ஒரு நடையைக் கண்டுபிடித்து அதிலேயே நிற்க வேண்டும். பனையேறிகளைப் பார்த்திருப்பீர்கள். காலில் தளைநாரைப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒரே தாளத்தில் மேலே போவார்கள். பார்க்கிற நமக்கு மெதுவாகத் தெரியும், அண்ணாந்து பார்ப்பதற்குள் பாளையில் இருப்பார்கள். அந்த நடை.

ஒரு மணி நேரம் கழிந்தால் பேச்சு தானாக நிற்கும். அப்போதுதான் அமைதி என்ன என்று தெரியும். புதுப்பனி சத்தத்தைக் குடித்துவிடும். அதற்குள் இருக்கும் காற்றுப் பொந்துகளில் ஒலி போய் மாட்டிக்கொண்டு வெளியே வராது. கடலோரத்தில் பிறந்த எனக்குச் சத்தமில்லாத இடம் என்றால் என்னவென்றே தெரியாது. நம் ஊரில் நடுச்சாமத்திலும் ஒரு பக்கம் கடல் இரையும், இன்னொரு பக்கம் பனை ஓலை சலசலக்கும். முதல் தடவை அந்த அமைதியில் நின்றபோது காது அடைத்துவிட்டது என்று நினைத்து மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன்.

இதை ஆன்மிகம், தியானம் என்றெல்லாம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொற்களில் கொஞ்சம் கூச்சம். மனசு காலியாகிறது என்பார்கள். என் அனுபவத்தில் காலியாவதில்லை, நிரம்பிவிடுகிறது. வேறு எதற்கும் இடமில்லாதபடி மலை உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஏனென்றால் ஏறுகிற நாலு மணி நேரமும் நீங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு போவதில்லை. வாசித்துக்கொண்டு போகிறீர்கள். நேற்று காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது? முகட்டில் பனி எந்தப் பக்கம் கூரை இறவாணம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது? கைக்கோலைக் குத்தினால் ஒரே சீராக இறங்குகிறதா, நடுவில் எங்கேயாவது பொத்தென்று பொள்ளலாகப் போகிறதா? வெயில் எந்தச் சரிவுக்கு எத்தனை மணிக்கு வரும்?

என் அப்பா காலையில் கரைக்கு வந்தால் உடனே வல்லத்தைத் தள்ள மாட்டார். நின்று தென்கடலைப் பார்ப்பார், வடகடலைப் பார்ப்பார். தெற்கிலிருந்து வரும் சோழகமா வடக்கிலிருந்து வரும் வாடையா, எவ்வளவு வேகம், கடலின் நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, மேகம் எங்கே கட்டியிருக்கிறது. சில நாள் ஒரு பீடி முடியும் வரை பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேணாம்" என்று திரும்பிவிடுவார். மற்ற ஆட்கள் போயிருப்பார்கள், நல்ல மீன்பாடும் கொண்டு வந்திருப்பார்கள். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்குச் சின்ன வயதில் அது கோழைத்தனமாகத் தெரிந்தது. பனிமலையில்தான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்தது.

ஆபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உண்டு. மறைக்க வேண்டியதில்லை. பனி ஒரே நாளில் விழுந்த ஒரே பொருள் இல்லை. குளிர்காலம் முழுக்க அடுக்கடுக்காக விழுந்தது. இடையில் ஏதாவது ஓர் அடுக்கு சர்க்கரை மாதிரி ஒட்டாத மணிகளாக மாறியிருக்கும், அதன் மேல் கெட்டியான பலகை மாதிரி இன்னொரு அடுக்கு உட்கார்ந்திருக்கும். சரிவு 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குள் இருந்து, மேலே ஒரு மனிதனின் எடையும் சேர்ந்தால், அந்தப் பலகை மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு இறங்கும். கொடுமை என்னவென்றால், சறுக்க மிக அருமையான சரிவும் அதே கோணம்தான். பெரும்பாலான விபத்துகளில் இந்தப் பனிச்சரிவைக் கிளப்பிவிடுவது மாட்டிக்கொண்டவரோ கூட வந்தவரோதான், மலை தானாகச் செய்வது குறைவு. 2010 பிப்ரவரி 8ஆம் தேதி, நான் படித்த அதே பள்ளியின் பயிற்சி வீரர்கள் மேல் குல்மார்க்குக்கு மேலே கிலன்மர்க் பக்கம் பனிச்சரிவு விழுந்தது. 17 பேர் செத்தார்கள். பனியை அறிந்தவர்கள் கூட இருந்த கூட்டம் அது. அன்று இரவு செய்தி கேட்டபோது நான் வேறு ஊரில் பணியில் இருந்தேன். ரொம்ப நாள் ஸ்கீயைத் தொடப் பிடிக்கவில்லை.

எனக்கே ஒரு முறை ஆனது. ஓய்வு பெற்று வந்த பிறகு வருஷா வருஷம் பிப்ரவரியில் பத்து நாள் குல்மார்க்குக்குக் கீழே தங்மார்க்கில் ஒரு நண்பர் வீட்டில் தங்கி மலைக்குப் போவது வழக்கம். மலைக்குக் கூட்டிப் போகிற கைடு அவர், என்னை விட எட்டு வயது சின்னவர். அன்று நல்ல வெயில். யாரும் மிதிக்காத ஒரு சின்ன சரிவு கண்ணுக்கு முன்னால். அவர் கையைத் தூக்கி "நில்லுங்க" என்று காட்டியதை நான் பார்த்தேன். பார்த்தும், ஓரமாகத்தானே போகிறேன் என்று பத்தடி முன்னே போனேன். காலுக்கடியில் 'வும்ஃப்' என்று ஒரு சத்தம். காது கேட்டதா, வயிறு கேட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு மேலே பனியில் ஒரு விரிசல், கத்தரிக்கோலால் துணியைக் கிழித்த மாதிரி ஓடியது. இருபது மீட்டர் அகலத்துக்குச் சரிவு நகர்ந்தது. முழங்கால் வரை மூடி, கொஞ்ச தூரம் இழுத்துப் போய் நிறுத்தியது. அவ்வளவுதான். எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த முழங்கால் அளவுப் பனியிலிருந்து காலை உருவ என்னால் முடியவில்லை. நகரும்போது தண்ணீராக இருந்தது, நின்ற மறுகணம் சிமெண்டாக இறுகிவிட்டது. நண்பர் வந்து மண்வெட்டியால் தோண்டித்தான் எடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று முழுக்க என்னைப் பின்னால்தான் வர வைத்தார்.

அதனால்தான் தனியாகப் போவதில்லை. ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு டிரான்சீவர், அதாவது ரேடியோ சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும் கருவி, கட்டியிருக்கும். உலகம் முழுக்க எல்லா கம்பெனிக் கருவிக்கும் ஒரே அலைவரிசை, 457 கிலோஹெர்ட்ஸ். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, இடத்தைக் கண்டுபிடித்து, மடக்குக் கம்பியால் குத்திப் பார்த்து, தோண்ட வேண்டும். முதல் பத்து, பதினைந்து நிமிஷம்தான் கணக்கு. அரை மணி தாண்டினால் நம்பிக்கை போச்சு. ஹெலிகாப்டர் வந்து காப்பாற்றும் என்பதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசுவது. பக்கத்தில் நிற்கிற ஆள்தான் உங்கள் உயிர். நீங்கள்தான் அவர் உயிர். சந்தேகமான சரிவில் ஒருவர் இறங்கும்போது மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கீழே போய்க் கையைத் தூக்கிய பிறகு அடுத்தவர். வல்லத்தில் மூன்று பேர் போனால் ஒருவருக்கொருவர் என்ன உறவோ அதுதான் இங்கேயும். திங்கட்கிழமை உங்கள் நண்பர்கள் முகத்தில் நீங்கள் பார்க்கிற வெளிச்சத்தில் பாதி, இப்படி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. அலுவலகத்தில் யாரும் யாரையும் அப்படிப் பார்ப்பதில்லை.

எனக்குப் பிடித்த ஒரு வழியைச் சொல்கிறேன். குல்மார்க்கிலிருந்து ஊசியிலைக் காடு வழியாகக் கீழே பாபா ரேஷி கிராமத்துக்கு இறங்குவது. பெரிய உயரம் இல்லை, சாகசமும் இல்லை. மரங்களுக்கு இடையில் பனி காற்றுப் படாமல் பத்திரமாக இருக்கும், கொட்டி மூன்றாம் நாள் கூடப் பவுடர் கிடைக்கும். மரத்துக்கு மரம் வளைந்து வளைந்து வந்தால் கடைசியில் ஒரு சூஃபி பெரியவரின் தர்கா வாசலில் வந்து நிற்போம். பனி மூடிய கூரை, அடுப்புப் புகை வாசம், பெரன் என்கிற நீள அங்கிக்குள் நெருப்புச் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், நேர்ச்சைக்கு வந்த குடும்பங்கள். முதல் தடவை ஸ்கீயைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு அங்கே நின்றபோது, ஏர்வாடி தர்கா வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. குளிர் மட்டும்தான் அதிகம். யாரோ உப்புப் போட்ட இளஞ்சிவப்பு டீயை ஒரு கோப்பை கொடுத்தார்கள். உப்பு டீ முதல் வாயில் குமட்டும், நாலாவது வாயில் பழகும். நான் பதிலுக்கு மறு வருஷம் நெத்திலிக் கருவாடு கொண்டு போனேன். நண்பர் வீட்டில் அதை வறுத்த அன்று, அந்தக் குளிரில் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தார்கள்.

உங்களுக்கு நடைமுறையில் சில வார்த்தை. எடுத்த எடுப்பிலேயே நண்பர்களோடு காட்டுப்பக்கம் போகாதீர்கள், அவர்கள் எவ்வளவு கூப்பிட்டாலும். ஒன்றிரண்டு குளிர்காலம் லிஃப்ட் உள்ள இடத்தில் விழுந்து எழுந்து பழகுங்கள், எந்த மாதிரிப் பனியிலும் நினைத்த இடத்தில் நிற்கத் தெரிய வேண்டும். கனடாவில் இருக்கிறீர்கள், அது பெரிய அதிர்ஷ்டம். அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு குளிர்காலத்தில் தினமும் பகுதி வாரியாகப் பனிச்சரிவு நிலவரம் வெளியிடுகிறது. பனிச்சரிவிலிருந்து தப்பக் கற்றுத்தரும் ஏஎஸ்டி 1 என்ற இரண்டு நாள் பயிற்சியும் உண்டு. அதை முடிக்காமல் டிரான்சீவர் வாங்குவது, நீச்சல் தெரியாமல் துடுப்பு வாங்குவது மாதிரி. பயிற்சி முடித்த பிறகும், கூட வருகிறவர்களில் "இன்னைக்கு வேணாம்" என்று சொல்லத் தெரிந்த ஆள் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கூட்டத்தோடு போகாதீர்கள். அப்புறம், பனி எப்போதும் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2024 ஜனவரியில் குல்மார்க்கே பனியில்லாமல் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. அந்த வருஷம் டிக்கெட் போட்டுவிட்டு நான் பட்ட கவலை, மழை பொய்த்த வருஷம் கமுதிப் பக்கத்து மிளகாய்க்காரர்கள் படும் கவலைக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

வீட்டில் அம்மா பயப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் அம்மா இன்று வரை நான் அங்கே போய் என்ன செய்கிறேன் என்று நம்பவில்லை. "மேல ஏறிப் போயி கீழ வர்றியா? எதுக்கு?" என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு உதவியது அந்தத் தங்மார்க் நண்பர்தான்.

போன வருஷம் சோழகக் காலத்தில் அவர் முதன்முறையாக ராமேஸ்வரம் பக்கம் வந்தார். கடலையே அதுவரை பார்த்ததில்லை. தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போனேன். எல்லாரும் மாதிரி அரிச்சல்முனையில் நின்று இரண்டு கடலையும் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்த்தார், ஒரு நிமிஷம். அதற்குள் அவர் கண் பின்னால் இருந்த மணல்மேட்டுக்குப் போய்விட்டது. காற்று மணலை மேட்டின் ஒரு பக்கம் உருட்டி ஏற்றி, உச்சி தாண்டி மறுபக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் நடந்து போய் அந்த மறுபக்கத்தைப் பார்த்தார், குனிந்து கையால் ஓர் அறுப்பு அறுத்தார். மணல் சிறு பலகையாக நழுவிக் கீழே இறங்கியது. உலர்ந்த மணல் நிற்கிற கோணம் 34 டிகிரி பக்கம். அவருக்கு அந்த எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இந்தப் பக்கம் போகக் கூடாது" என்று இந்தியில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மாவும் வந்திருந்தார்கள். நண்பர் மேட்டைச் சுற்றிப் பத்திரமான பக்கமாக உச்சிக்கு ஏறுவதைப் பார்த்துவிட்டு, வேலியோரம் கிடந்த ஒரு பனைமட்டையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்கள். "அந்தத் தம்பிட்ட குடு. சும்மா எப்படி இறங்குவான்?"